கடைசி வீட்டுச் சுவர்

கொசுவைப் பிடிக்க ஒரு முறை இருக்கிறது. சுவரில் உட்கார்ந்திருக்கும் கொசுவின் மேல் கண்ணாடிக் குழாயின் வாயை மெதுவாகக் கவிழ்க்க வேண்டும். அவசரப்பட்டால் பறந்துவிடும்; தயங்கினாலும் பறந்துவிடும். குழாய் சுவரைத் தொட்டதும் கொசு தானாகவே பின்வாங்கி அடிப்பக்கம் போகும். உடனே கட்டைவிரலால் வாயை மூடிப் பஞ்சை அடைத்துவிட வேண்டும். அடிக்கக் கூடாது. காலமெல்லாம் அடித்தே பழகிய கைக்கு இதுதான் கஷ்டம்.

இதை நான் கற்றுக்கொண்டபோது எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது மாதம். மற்றப் பெண்கள் அந்தச் சமயத்தில் புருஷனுக்கு என்ன குழம்பு பிடிக்கும் என்று கற்றுக்கொள்வார்கள்.

என் கணவர் கிரிகரி பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் பண்ணிவிட்டு ரயில்வே சரக்குக் கொட்டகையில் தற்காலிகக் கிராணியாக, கணக்கெழுதும் வேலையில் இருந்தார். ரப்பர் விலை விழுந்து எல்லா இடத்திலும் ஆள் குறைத்த காலத்தில் அவரையும் நிறுத்திவிட்டார்கள். அது 1932. அதற்காக அவர் வருத்தப்பட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. மூட்டைகளைக் கணக்கெடுப்பதைவிட, எந்த மூட்டையில் எந்த வண்டு இருக்கிறது என்று பார்ப்பதில்தான் அவருக்கு ஆசை. எங்கள் கல்யாண விருந்தில்கூட, சோடாப் புட்டியின் கோலி ஏன் வாயை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று என் மாமாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். மாமா என் அம்மாவைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

சிங்கப்பூருக்குப் போய்க் கல்லூரியில் சயன்ஸ் படித்துப் பட்டம் வாங்க வேண்டும் என்பது அவர் கனவு. வீட்டில் அதற்கு வழியில்லை. அந்த நேரத்தில்தான் கோலாலம்பூரில் கொசுவையும் மலேரியாக் காய்ச்சலையும் ஆராயும் ஒரு லேபரட்டரியில் உதவியாள் வேண்டும், பட்டம் அவசியமில்லை என்று கேள்விப்பட்டார்.

"பட்டம் இல்லாதவன லேபரட்டரியில எதுக்குடா எடுப்பான்? புட்டி கழுவத்தான்" என்றார் மாமனார்.

"புட்டி கழுவினாலும் உள்ள இருந்து கழுவலாம்ல அப்பா."

"எதுக்குள்ள? புட்டிக்குள்ளயா?"

நேர்முகத்துக்குப் போய் வந்த கதையை அவர் எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார். அங்கே தலைமை உதவியாளராக இருந்தவர் இராமலிங்கம். கோட்டைக் கழற்றாமல், சிரிக்காமல் பேசும் மனிதர்.

"பட்டம் இருக்கா?"

"இல்ல சார். ஒரு நாள் வாங்குவேன்."

"அது ஒரு நாள். இன்னிக்கு என்ன தெரியும்?"

"இன்னிக்கு ஒண்ணும் தெரியாது சார். தெரிஞ்சுக்கணும்."

"வர்றவங்க எல்லாரும் இதத்தான் சொல்றாங்க" என்று சொல்லிவிட்டு, அவர் ஒரு மரப்பெட்டியை மேசைமேல் வைத்தாராம். பெட்டி நிறையக் கண்ணாடிக் குழாய்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு.

கிள்ளானுக்கு வடக்கே மேரு பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட். அங்கே வடிகால் வெட்டி எண்ணெய் தெளித்தும் காய்ச்சல் குறையவில்லை. கடிக்கிற கொசு கடித்த பிறகு வீட்டுக்குள்ளேயே தங்குகிறதா, வெளியே போய்விடுகிறதா என்று யாருக்கும் தெரியவில்லை. உள்ளே தங்கினால் ஒரு வைத்தியம், வெளியே போனால் வேறு வைத்தியம். கூலியாட்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் பகலில் சுவரில் உட்கார்ந்திருக்கும் கொசுக்களைப் பிடித்து, வீட்டு எண்ணும் பிடித்தவர் பெயரும் சீட்டில் எழுதி, சனிக்கிழமைதோறும் கொண்டுவந்து காட்ட வேண்டும். இரண்டு வாரம் அவருக்குச் சோதனை. தேறினால் வேலை.

கிள்ளானில் என் சின்னம்மா வீட்டில் தங்கிக்கொண்டோம். முதல் நாள் அவர் மட்டும் பஸ்ஸில் மேருவுக்குப் போனார். மாலையில் திரும்பியபோது குழாய்கள் எல்லாம் காலி. சட்டையில் சாணித் தண்ணீர்.

"என்னங்க ஆச்சு?"

"ஒரு அம்மா விளக்குமாத்த எடுத்துட்டாங்க" என்றார்.

லயத்துப் பெண்கள் பால்மரம் வெட்டி, வடிந்த ரப்பர்ப் பாலை ஸ்டோரில் கொட்டிவிட்டு உச்சிக்கு முன்னால் வீடு திரும்புவார்கள். ஆண்கள் வரக் கொஞ்சம் நேரமாகும். அந்த நேரத்தில் தெரியாத ஆள் ஒருவர் கண்ணாடிக் குழாயோடு வந்து, உங்கள் படுக்கைக்கு அடியில் பார்க்க வேண்டும் என்று கேட்டால் யார் விடுவார்கள்? கங்காணி கன்னையாதான் அவரைக் காப்பாற்றிப் பஸ் ஏற்றிவிட்டாராம்.

"தம்பி, ஒத்த ஆம்பளையா வந்தா கொசு கிடைக்காது, அடிதான் கிடைக்கும். வீட்டுக்காரம்மா இருந்தாக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

மறுநாள் நானும் போனேன்.

எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. நான் முன்னால் போய் "அக்கா, உள்ள வரலாமா?" என்று கேட்டதும் கதவுகள் திறந்தன. அறைகள் இருட்டு. அவர் சுவரைக் காட்டி, "இது சும்மா கொசு, தட்டையா உக்காந்திருக்கு பாரு. அது நம்ம ஆளு. வால் பக்கத்தத் தூக்கிக்கிட்டு, தலைகீழா நிக்கப்போற மாதிரி" என்று காதருகே சொன்னார். முதல் கொசுவைப் பழக்கதோஷத்தில் அடித்துவிட்டேன். அடுத்ததைப் பிடித்தேன். அன்று நாங்கள் நிறையக் கொசுக்களைப் பிடித்தோம். சீட்டில் 'பிடித்தவர்' என்ற இடத்தில், நான் பிடித்தவற்றுக்கு அவர் 'ஜோசஃபின்' என்றே எழுதினார்.

"என் பேரு எதுக்குங்க? வேலை உங்களுக்குத்தானே?"

"பிடிச்சவங்க பேருன்னு போட்டிருக்கே. நீதானே பிடிச்சே."

நாங்கள் கிளம்பும்போது இராஜம்மா என்ற பெண் என் கழுத்தைப் பார்த்துவிட்டு, "கயிறு இன்னும் புதுசா இருக்கே. எப்பக் கல்யாணம்?" என்று கேட்டாள். சொன்னேன். "ஆத்தாடி" என்று மோவாயில் கை வைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் கொசுவே இல்லை.

ஒரு வீட்டில் இல்லாவிட்டால் பரவாயில்லை. போன வீட்டில் எல்லாம் இல்லை. படுக்கைக்கு அடியில், தொங்கும் துணிகளுக்குப் பின்னால், கூரை ஓரம், எங்கும் இல்லை. ஆனால் வரவேற்பு பலமாக இருந்தது. "வலது கால வெச்சு வாங்கம்மா" என்று ஒவ்வொரு வாசலிலும் அழைத்தார்கள். வாசல் மெழுகிக் கோலம் போட்டிருந்தது. எனக்குப் பூ, அவருக்கு வாழைப்பழம், இரண்டு பேருக்கும் சர்க்கரை. நாங்கள் வேதக்காரர்கள், நான் குங்குமம் வைப்பதில்லை என்றதும் சந்தனம் கரைத்துத் தந்தார்கள். எஸ்டேட் ஆட்கள் இவ்வளவு சுத்தமாக இருக்கிறார்களே என்று நான் நினைத்துக்கொண்டேன். அவர் வாயில் பழத்தோடு, டார்ச் விளக்கைச் சுவர் சுவராக அடித்துக்கொண்டு நடந்தார்.

அதற்கு மறுநாளும் அப்படித்தான். அவர் ஒவ்வொரு சீட்டிலும் பூஜ்யம் எழுதினார்.

சனிக்கிழமை கோலாலம்பூரில் இராமலிங்கம் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு குழாயாகத் தூக்கிப் பார்த்திருக்கிறார்.

"காலிக் குழாய் எங்கிட்டயே நிறைய இருக்கே கிரிகரி."

"காலின்னு எழுதியிருக்கேன் சார்."

"ஒரு நாள் நிறைய. அப்புறம் சுத்தமா இல்ல. கொசுவெல்லாம் லீவு போட்டுச்சா?"

"தெரியல சார்."

"தெரிஞ்சுக்கணும்னு சொன்னது நீங்கதானே? இன்னும் ஒரு வாரம் இருக்கு. அப்பவும் தெரியலன்னா ரயில்வேக்கே எழுதிப் போட்டுடுங்க."

ஞாயிறு பூசை முடிந்து கிள்ளானுக்குத் திரும்பும் ரயிலில் அவர் இதைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. மழை பெய்ததாலா? பெய்யவில்லையே. நாம் பிடித்ததிலேயே தீர்ந்துபோயிருக்குமா? கொசு அப்படித் தீராதே. "உன்னப் பாத்துப் பயந்துடுச்சோ?" என்றார். நான் கிள்ளினேன். ஆனால் வேலை போய்விடும் என்ற பயம் எனக்கு வந்துவிட்டது. சின்னம்மா வீட்டுச் சோறு எத்தனை நாளைக்குச் செல்லும்?

திங்கட்கிழமையும் பூஜ்யம். கங்காணி கன்னையாவுக்கு எங்களைப் பார்க்கப் பாவமாகிவிட்டது.

"மாட்டுக் கொட்டகையில கொசு அள்ள அள்ளக் குறையாது தம்பி. அதப் புடிச்சுக் குழாய்ல போட்டு வீட்டு நம்பர எழுதுங்க. கொசு நெத்தியிலயா எழுதியிருக்கு, எந்த வீடுன்னு?"

நான் என் கணவர் முகத்தைப் பார்த்தேன். சரி என்று சொல்லிவிட மாட்டாரா என்று உள்ளுக்குள் எனக்கு ஆசை. அவர் கொஞ்ச நேரம் மாட்டுக் கொட்டகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படிச் செஞ்சா, வீட்டுக்குள்ள ஏன் இல்லைன்னு யாருக்கும் தெரியாமலே போயிடுமே அண்ணே" என்றார்.

பிறகு திண்டாட்டத்தோடு பெட்டியைத் திறந்து சீட்டுகளை வரிசையாக அடுக்கினார். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அந்த வரிசையில் கடைசி வீட்டுக்கு மட்டும் ஒரு நாளும் சீட்டு எழுதவில்லை. ஒவ்வொரு முறையும் அதற்கு முந்தின வீடான தன் வீட்டோடு இராஜம்மா எங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

"அங்க வேணாம்மா" என்றாள் இராஜம்மா, குரலைத் தாழ்த்தி. "வீரம்மா வீடு. புருஷன் போயி இன்னும் வருஷம் திரும்பல. புதுசாக் கல்யாணமானவங்க கால் வெக்கிற வீடா அது? அவளே வேணாம்னுதான் சொல்றா."

அந்த வயதில் அது எனக்குப் புரியவில்லை. இப்போது எங்கள் தெருவில் கல்யாணம் என்றால் நான் பின்பக்கமாகப் போய் வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டு வருகிறேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான்.

நாங்கள் போய் நின்றபோது வீரம்மா கதவுக்குப் பின்னால் இருந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை.

"நல்லா இருக்கவேண்டிய புள்ளைங்க. உள்ள வராதீங்க."

"அக்கா, கொசுவுக்கு இதெல்லாம் தெரியாதுக்கா. சுவர மட்டும் பாத்துட்டுப் போயிடறோம்" என்றார் அவர்.

வீரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "கொசுதானே வேணும்? தாராளமா எடுத்துக்குங்க. வெலை கிடையாது" என்று வழிவிட்டாள்.

உள்ளே போய் டார்ச்சை அடித்தார். சுவரில் எள்ளைத் தூவியதுபோல் கொசு. வாலைத் தூக்கிக்கொண்டு, வயிறு சிவந்து, பறக்கக்கூட முடியாமல் உட்கார்ந்திருந்தன. பிடித்தோம், பிடித்தோம், குழாய்கள் தீரும்வரை பிடித்தோம்.

"எப்பவும் இப்படித்தானாக்கா?"

"முன்னெல்லாம் இவ்வளவு இல்ல தம்பி. இந்த ஒரு வாரமாத்தான். புள்ள மூஞ்சியப் பாருங்க, எப்படித் தடிச்சிருக்குன்னு."

"ஒரு வாரமாவா?"

"ஆமா. நீங்க வந்ததிலேருந்து" என்று வீரம்மா சிரித்தாள்.

அவள் விளையாட்டுக்குச் சொன்னாள். அவர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. டார்ச்சை மேலே அடித்துப் பார்த்தார். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த பலகைச் சுவர் கூரையைத் தொடாமல் பாதியிலேயே நின்றது. மேலே எல்லா வீடும் ஒரே வீடுதான்.

நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அந்த அறையில் ஏதோ ஒன்று குறைவதாக எனக்குத் தோன்றியது. மண்ணெண்ணெய் விளக்கின் வாடை, ஈரச் சாக்கு வாடை. மற்ற வீடுகளில் இருந்த ஒன்று இங்கே இல்லை.

"இங்க வாசனை இல்லீங்க" என்றேன்.

"என்ன வாசனை?"

"நம்ம வீட்டு வாசனை. சனிக்கிழமை மாதா படத்துக்கு அம்மா போடுவாங்களே."

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே விளங்கியது. அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். கோயிலில், வீட்டில், பிறந்ததிலிருந்து இரண்டு பேரும் அந்த மணத்திலேயே இருந்தவர்கள். மூக்குக்கு அது ஒரு மணமாகவே படவில்லை.

"சாம்பிராணியச் சொல்றீங்களா?" என்றாள் வீரம்மா. "பொண்ணு மாப்பிள்ள வீட்டுக்கு வர்றாங்கன்னா சாம்பிராணி போடாமலா இருப்பாங்க? வேலை விட்டு வந்ததும் வராததுமா அவளுங்க போடுற பொகையில லயமே தீப்பிடிச்ச மாதிரி இருக்கு. பொகை போனப்புறந்தான் உங்களக் கூப்பிடுறாளுங்க. உங்க கண்ணு எரியக் கூடாதுல்ல."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். மனிதர்கள் கதவைத் திறப்பதற்காக என்னை அழைத்து வந்தார். என்னால் கொசு வெளியேறிவிட்டது. பிறகு குழந்தையின் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"எங்களுக்குப் போட்ட புகைக்குப் பயந்து கொசு எல்லாம் இங்க வந்து உக்காந்திருக்குக்கா" என்றார்.

"யாராவது என் வீட்டுக்கு வந்தாச் சரி" என்றாள் வீரம்மா.

மறுநாள் இராஜம்மாவிடம் போய், எங்களுக்காகச் சாம்பிராணி போட வேண்டாம் என்று கேட்டோம்.

"இது என்னம்மா கூத்து? கல்யாண ஜோடிய மொட்டையாவா வீட்டுக்குள்ள கூப்பிடுறது?"

"பெரிய மனசு பண்ணுங்கக்கா. அவருக்கு வேலையே இதுலதான் இருக்கு" என்றேன்.

"சரி, சரி, போடல" என்றாள். மறுநாள் உள்ளே போனால் கொசு இல்லை. என்னக்கா என்று கேட்டால், "கொஞ்சூண்டுதான் போட்டேன்" என்று தரையைப் பார்க்கிறாள். எல்லா வீட்டிலும் கொஞ்சூண்டுதான் போட்டிருந்தார்கள்.

சனிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் லயத்து முனையில் பெட்டியோடு நின்றபோது வீரம்மாவே எங்களிடம் வந்தாள்.

"என்னக் கூட்டிட்டுப் போங்க. நான் முன்னால வந்தா ஒருத்தியும் சாம்பிராணி போட மாட்டா."

"அக்கா" என்றேன்.

"வெக்கப்படாத புள்ள. இத்தன நாளா ஒண்ணுக்கும் ஆகாம இருந்தது, ஒரு வேலைக்காவது ஆகட்டும்."

அன்றிலிருந்து ஒவ்வொரு வாசலிலும் முதலில் வீரம்மா போய் நின்றாள். "நாளைக்கும் நான்தாண்டி முதல்ல வருவேன். ஒரு சடங்கும் வேணாம்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் நகர்வாள். பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கோலம் நின்றது, பூ நின்றது, சர்க்கரை நின்றது. இரண்டு நாளில் சுவர்களில் ஒன்றிரண்டாகக் கொசு திரும்பி வந்தது. வீரம்மா வீட்டில் குறைந்தது. அவர் ஒவ்வொரு வீடாக எழுதிக்கொண்டே போனார்.

சனிக்கிழமை நானும் கோலாலம்பூருக்குப் போய் லேபரட்டரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்திருந்ததால் பேச்சு நன்றாகக் கேட்டது. அவர் எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். முதல் வாரத்துப் பூஜ்யங்கள் கெட்டுப்போன பூஜ்யங்கள் என்றும் சொன்னார்.

"யார் இந்த ஜோசஃபின்?"

"என் மனைவி சார். பாதி அவங்க பிடிச்சது."

"அவங்களுக்குச் சம்பளம் கிடையாது."

"தெரியும் சார்."

கண்ணாடிக் குழாய்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்டது.

"சாம்பிராணிப் புகையில கொசு சாகலைன்னு எப்படிச் சொல்றீங்க? பக்கத்து வீட்டுக்குத்தான் போச்சுன்னு?"

"தெரியாது சார். நினைக்கிறேன். ஒரு நாள் எல்லா வீட்டுலயும் போட்டு ஒரே ஒரு வீட்ட விட்டுடணும். அடுத்த தடவ வேற ஒரு வீட்ட விடணும். எண்ணிப் பாத்தாத் தெரிஞ்சிடும்."

"முதல்ல எந்த வீட்ட விடுவீங்க? அந்தக் கடைசி வீடா?"

"வேணாம் சார், அந்தக் குழந்தை ஏற்கெனவே நிறையக் கடி வாங்கிடுச்சு. கங்காணி வீட்ட விடலாம்."

இராமலிங்கம் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். சிரிப்பு என்றுகூடச் சொல்ல முடியாது, மூக்கால் விட்ட ஒரு மூச்சு.

"போய் எண்ணிட்டு வாங்க. இந்தத் தடவ ரயில் செலவு ஆபீஸ்ல வாங்கிக்குங்க" என்றார்.

வேலை கிடைத்துவிட்டது என்பது அவருக்கு உடனே புரியவில்லை. ரயில் நிலையம்வரை வந்த பிறகு, "ஆபீஸ்ல ஏன் வாங்கிக்கச் சொன்னாரு?" என்று என்னைக் கேட்டார்.

பட்டம் அவர் வாங்கவே இல்லை. ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் என்றார். புட்டியும் கழுவினார், கொசு இறக்கையின் புள்ளிகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்து இனம் பிரிக்கவும் அங்கேதான் படித்தார். ஜப்பான்காரன் காலத்தில் அவரைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தவர்களில் ஒருவர், அந்தக் காட்டிலும் அவர் மூங்கில் தட்டியில் உட்கார்ந்திருந்த கொசுவைக் காட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது.

வேலை உறுதியான பிறகு நாங்கள் மேருவுக்குப் போன நாளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். லயத்து முனையில் இறங்கியதும் அவர் நேராகக் கடைசி வீட்டுக்குத்தான் போனார். வீரம்மா வாசலிலேயே நின்றாள். வாசல் மெழுகியிருந்தது. உள்ளே இன்னும் புகை கலையவில்லை. எனக்குக் கண் எரிந்தது.

"என்னக்கா இது?"

"வேலை கிடைச்சு வர்றீங்க. நான் மட்டும் மொட்டையாவா கூப்பிடுவேன்? யாரு என்ன சொன்னா என்ன. வலது கால வெச்சு வாங்க."

வைத்தோம். இரண்டு பேருக்கும் சர்க்கரை தந்தாள். அவர் சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு, கண்ணைக் கசக்கியபடியே டார்ச்சை எடுத்துச் சுவரைப் பார்த்தார். கூரை ஓரம் பார்த்தார். படுக்கைக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஒன்றுமில்லை. சீட்டை எடுத்து வீட்டு எண்ணைப் போட்டுப் பெரிதாக ஒரு பூஜ்யம் எழுதினார்.

பிறகு தலையைத் தூக்கிப் பலகைச் சுவரின் மேல் இடைவெளியைப் பார்த்தார். வீரம்மா கேட்பதற்குள் வெளியே ஓடிவிட்டார்.

"இராஜம்மாக்கா, உங்க வீட்டுச் சுவரக் கொஞ்சம் பாக்கணும்" என்று அவர் குரல் மட்டும் அடுத்த வாசலிலிருந்து கேட்டது.